வலது மூலையில் இரண்டு வரிகள்

ஜூன் 3, திங்கள்

கணினி ரிப்பேர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. போன வாரம் கரண்ட் போய் வந்த வேகத்தில் மதர்போர்டு கருகிவிட்டது. கடைக்காரர் ஜெயசிங் புது போர்டு போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

இந்த வீட்டில் நான் செய்த முதல் உருப்படியான வேலை இது. தமயந்தியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐம்பது தாண்டிய பிறகு எனக்கு முதல் கல்யாணம், அவளுக்கு இரண்டாவது. அவளுடைய முதல் கணவர் ஞானசேகர் மாரடைப்பில் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் கட்டிய வீடு, அவர் வைத்த முருங்கை, அவர் வாங்கிய கணினி. ஒரு குழாய்கூட ஒழுகுவதில்லை. ஒரு கதவுகூட இழுத்துப் பிடிப்பதில்லை. வேலை தெரிந்த மனிதர். நான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம்.

மகள் இலக்கியா பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கிறாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்று சொல்வாள். அதில் ஒரு சிரமமும் இல்லை. எதிரில் வந்து நின்றால் எனக்குத்தான் என்று தெரிந்துவிடுகிறது.

கணினியைப் போட்டோம். எல்லாம் பழையபடி இருந்தது. திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள், அமைப்புகளுக்குப் போங்கள் என்று. எதைத் திறந்தாலும் அதன் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஜெயசிங்குக்குப் போன் போட்டேன். “போர்டு மாத்துனா அப்படித்தான் சார் வரும். லைசென்ஸ் பழைய போர்டுலல்லா இருக்கு. இப்ப இது வேற கம்ப்யூட்டர்னு அது நினைச்சுக்கிடும்” என்றார்.

ஜூன் 4, செவ்வாய்

தமயந்தி வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் நார்வே பிள்ளைகளின் வகுப்பு. பாடத்தைத் திரையில் காட்டியதும் அந்த இரண்டு வரிகளும் சேர்ந்தே போய்விட்டன. அகிலன் என்கிற பொடியன் அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “டீச்சர், உங்கள் கம்ப்யூட்டர் உங்களை ஏதோ செய்யச் சொல்லுது. நீங்கள் ஏன் செய்யேல்ல?” என்று கேட்டான். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையிடம் இவள் கேட்கிற அதே குரலில்.

தமயந்தி சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், மைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நான் ஹாலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்த பிறகும் அங்கேயே இருந்தேன். வேறு வேலை இல்லை.

வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளையின் அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. டீச்சர் கள்ள மென்பொருள் பயன்படுத்துகிறீர்களா, அதனால் எங்கள் பிள்ளைகளின் கணினிக்கு ஏதும் ஆகாதே என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். தமயந்தியின் முகம் சுருங்கிவிட்டது.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“எடைமேடையிலயும் கம்ப்யூட்டர்தான இருக்கு.”

துறைமுகத்துக்குப் போகிற லாரிகளை எடை போடுவது என் வேலை. அந்தக் கணினியில் நான் அமுக்குவது ஒரே ஒரு பொத்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

அமைப்புகளுக்குள் போனேன். ஆக்டிவேஷன் என்ற பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஏதோ குறை சொல்லியிருந்தது. கீழே, பிரச்சினையைச் சரிசெய்ய ஒரு பொத்தான். அமுக்கினேன். சமீபத்தில் உள்ளே பாகம் ஏதும் மாற்றினீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றேன். டாக்டரிடம் உட்கார்ந்தது மாதிரி நம்பிக்கையாக இருந்தது.

அப்படியானால் உங்கள் கணக்கில் நுழையுங்கள் என்றது. மின்னஞ்சல் முகவரியை அதுவே காட்டியது. ஞானசேகர் என்று இருந்தது. கீழே கடவுச்சொல்லுக்கு ஒரு காலிக் கட்டம்.

மூடிவிட்டேன். இலக்கியா எனக்குப் பின்னால் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. நெட் சரியில்ல.”

நெட் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 6, வியாழன்

கணினியைத் தொடவில்லை. லாரி வரிசை மெயின் ரோடு வரை நின்றது. நாள் முழுக்கக் காற்று, வாயெல்லாம் உப்பு.

ஜூன் 7, வெள்ளி

வேலை முடிந்து வரும் வழியில் ஜெயசிங் கடையில் நின்றேன். “ஒரு சின்ன ஃபைல் இருக்கு சார். போட்டு ஒரு அமுக்கு அமுக்குனா அந்த ரெண்டு வரியும் போயிரும். ஊரே அதைத்தான் போட்டுருக்கு” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

அந்த ஃபைலில் என்ன இருக்கும் என்று கேட்டேன். அது யாருக்குத் தெரியும் என்றார்.

அந்தக் கணினியில் இலக்கியாவின் சின்ன வயசுப் படங்களும் வீடியோக்களும் இருக்கின்றன. ஞானசேகரின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்று தமயந்தி ஒருதரம் சொன்னாள். என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை நான் உள்ளே விட முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இலக்கியா இரண்டு எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

ஜூன் 8, சனி

மார்க்கெட்டில் நல்ல ஊளி மீன் கிடைத்தது. தமயந்தி குழம்பு வைக்கும்போது பக்கத்தில் நின்று, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் கேட்கிறது என்று.

“அவருக்கு எல்லாம் இலக்கியாதான். பாஸ்வேர்டெல்லாம் அவகிட்டதான் சொல்லி வச்சிருப்பாரு” என்றாள். “கேளுங்களேன்.”

“நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

“நான் கேக்க மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எத்தனை நாள் தபால் கொடுக்க?” என்று புளியைக் கரைத்தாள். கோபம் இல்லை. ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்தது.

சாப்பிடும்போது இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டு தரமும் மீன் நல்லா இருக்கு என்று சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

எனக்கு விடுமுறை. தமயந்தி வங்கிக்குப் போயிருந்தாள். இலக்கியா தோழி வீட்டில். யாரையும் தொந்தரவு செய்யாமல் முடித்துவிடலாம் என்று நெட்டில் உதவி எண் தேடினேன். முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

உடனே எடுத்தார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். இந்த ஊரில் எந்த உதவி எண்ணை உடனே எடுத்திருக்கிறார்கள்?

ஒரு ஆள், அரைத் தமிழில், “சோரிமூட்டு சார், கவலை வேணாம் சார்” என்றான். என் பெயர் சொரிமுத்து. ஒரு செயலியை இறக்கச் சொன்னான். இறக்கினேன். அதில் வந்த எண்ணைக் கேட்டான். சொன்னேன். அடுத்த நிமிஷம் என் கை படாமலே அம்புக்குறி திரையில் நகர ஆரம்பித்தது.

அது ஒவ்வொரு அறையாக நுழைவது மாதிரி ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தது. இலக்கியாவின் படங்கள் இருக்கும் இடத்துக்கும் போனது. யூனிஃபார்மில் முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு படம் பெரிதாக வந்து நின்றது. “உள்ள நெறைய வைரஸ் சார். எல்லாம் போயிடும். உங்க பேங்க் பக்கத்தைத் திறங்க சார், நான் சரி பண்றேன்” என்றான். லைசென்ஸுக்கும் பேங்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவன் குரல் மாறியது. இப்போது போனை வைத்தால் எல்லாப் படமும் அழிந்துவிடும் என்றான். மவுஸைப் பிடித்து இழுத்தேன். அம்புக்குறி என் பேச்சைக் கேட்கவில்லை.

இலக்கியா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. திரையைப் பார்த்தாள், என் காதிலிருந்த போனைப் பார்த்தாள். குனிந்து யுபிஎஸ்ஸிலிருந்து கணினியின் பிளக், மோடத்தின் பிளக், பக்கத்திலிருந்த டேபிள் ஃபேனின் பிளக் வரைக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள். “சோரிமூட்டு சார், சோரிமூட்டு சார்” என்று கத்திக்கொண்டிருந்த போனை என் கையிலிருந்து வாங்கி, “வைங்கண்ணே, போலீஸ்ல பேசிக்கிடுங்க” என்று சொல்லிக் கட் செய்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனும் இல்லை.

“படமெல்லாம் போயிருக்குமா?” என்று கேட்டேன்.

“போகாது. எல்லாத்துக்கும் என்கிட்ட தனியா ஒரு காப்பி இருக்கு.” நெட் இல்லாமல் கணினியைப் போட்டு, அந்தச் செயலியை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப்போட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“இவனுக்குப் போய் எதுக்குப் போன் பண்ணீங்க?”

“லைசென்ஸுக்குத்தான்.”

“அன்னைக்கு அப்பா மெயில் ஐடி வந்துச்சு. டப்புன்னு மூடிட்டு நெட் சரியில்லன்னு சொன்னீங்க. நான் பின்னாடிதான நின்னேன்?”

நான் டேபிள் ஃபேனின் பிளக்கை எடுத்து மாட்டினேன்.

“பாஸ்வேர்ட் என்கிட்டதான் இருக்கு. நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன். மீன் நல்லா இருக்குங்கீங்க.”

“உங்க அப்பாவோடதும்மா. நான் எப்படிக் கேக்க?”

“அதுக்கு ஊரு பேரு தெரியாதவன்கிட்ட கேப்பீங்களா?”

அவள் முகத்தில் கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. “சோரிமூட்டு சார்” என்று அந்த ஆள் மாதிரியே சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தமயந்தி வங்கியிலிருந்து வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என்ன என்று கேட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இந்த இரண்டு மாதத்தில் இலக்கியா என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. பெரும்பாலும் திட்டுதான். நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஜூன் 11, செவ்வாய்

காலையிலேயே மூன்று பேரும் கணினி முன்னால். இலக்கியா கடவுச்சொல்லைத் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கணக்கு செயலிழந்துவிடக் கூடாதென்று இத்தனை வருஷமும் அவ்வப்போது உள்ளே போய் வருவாளாம். தமயந்திக்கே அது இன்றுதான் தெரிந்தது. மகளின் பின்னலை இழுத்துவிட்டாள்.

ஞானசேகர் வைத்திருந்த சாதனங்களின் பட்டியல் வந்தது. கணினியின் பெயர் ‘பெரியவர்’. போனின் பெயர் ‘கண்டெடுத்தவர் கொடுத்துவிடவும்’. அதைப் படித்ததும் தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். “அந்தப் போனை எத்தனை தடவை தொலைச்சாருன்னு நினைக்கீங்க? ஒருதடவை மீன் கடையில ஐஸ் பெட்டிக்குள்ள கெடந்துது” என்று ஆரம்பித்தாள். இலக்கியா ஒன்று சொன்னாள். அதற்கு அவள் ஒன்று சொன்னாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். இந்த வீட்டில் அவரைப் பற்றி என் எதிரில் இவ்வளவு பேசியதில்லை. நான் வந்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தமாஷான ஆள் போலிருக்கிறது. பழகியிருந்தால் ஒரு டீ குடித்திருக்கலாம்.

பட்டியலில் ‘பெரியவர்’ஐத் தேர்ந்தெடுத்து, நான் இப்போது பயன்படுத்துவது இதைத்தான் என்று இலக்கியா சொன்னாள். சுற்றியது, சுற்றியது, கடைசியில் முடியாது என்றது. கடையில் வாங்கும்போதே கணினியோடு சேர்ந்து வந்த லைசென்ஸாம் இது. பழைய போர்டோடு கட்டிப்போட்டது. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் தானாக இடம் மாறாது.

எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடினேன்.

ஜூன் 12, புதன்

போன் வழியாக ஆக்டிவேட் செய்ய ஒரு வழி உண்டென்று இலக்கியா கண்டுபிடித்திருந்தாள். நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவும் வரைக்கும் பொறுமையாக இருந்தாள். கணினியில் ஏதோ தட்டினாள். ஒரு பெட்டி திறந்து, நாட்டைக் கேட்டு, ஒரு போன் எண்ணையும் வரிசை வரிசையாக இலக்கங்களையும் காட்டியது.

“இந்த நம்பர் கம்ப்யூட்டர் உள்ள இருந்தே வருது. நெட்ல தேடுனது இல்ல” என்றாள் என்னைப் பார்த்து.

முதலில் ஸ்பீக்கரில் பதிவுசெய்த குரல் பேசியது. அதனால் ஆகவில்லை. பிறகு ஒரு அம்மாவிடம் இணைத்தார்கள், தமிழ் தெரிந்தவர். திரையிலிருந்த எண்களை நான் வாசித்தேன். காற்றில் லாரி டிரைவர்களுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திக் கத்திப் பழகிய குரல். “சார், கொஞ்சம் மெதுவாவே சொல்லலாம், நல்லா கேக்குது” என்றார் அந்த அம்மா. தமயந்தி அடுக்களை வாசலில் நின்று சிரித்தாள்.

“எத்தனை கம்ப்யூட்டர்ல இதைப் போட்டிருக்கீங்க சார்?”

“ஒண்ணே ஒண்ணுலதான்.”

“இப்போ ஏன் மறுபடியும் ஆக்டிவேட் பண்றீங்க?”

“போர்டு கருகிட்டும்மா. வேற போட்டோம்.”

“கணக்கு யார் பேர்ல இருக்கு?”

“ஞானசேகர்.”

“நீங்கதானா சார் அவர்?”

“இல்லம்மா. அவர் இறந்துட்டாரு.”

“மன்னிக்கணும் சார். நீங்க அவருக்கு என்ன உறவு?”

அண்ணன் இல்லை, தம்பி இல்லை, மைத்துனர் இல்லை. நேரில் பார்த்ததுகூட இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா, “சார், லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டார்.

இலக்கியா போனின் பக்கம் சாய்ந்தாள்.

“நான்தான் மேடம் உறவு. அவங்க என்னோட அப்பா. இவங்க எங்க வீட்டுல உள்ளவங்க. கம்ப்யூட்டர் எங்க மூணு பேருக்கும்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரிம்மா. நம்பர் சொல்றேன், எழுதிக்கங்க” என்றார்.

நான் எழுதினேன். இலக்கியா அதைப் பார்த்துத் தட்டினாள். தவறு என்றது. மறுபடி தட்டினாள். தவறு. நான் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு வரிசையில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது, இன்னொன்றில் ஏழும் ஒன்றும் இடம் மாறியிருந்தன. எடைமேடையில் எனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை. போன் லைன் சரியில்லை என்று சொன்னேன்.

“லைன் தெளிவாத்தான இருந்துச்சு” என்றாள் இலக்கியா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, லைன்தான்” என்றாள்.

அந்த அம்மா அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இந்தத் தரம் நான் எழுதவில்லை, இலக்கியாவே காதில் வாங்கித் தட்டினாள். கடைசிக் கட்டம் நிறைந்ததும் திரை ஒரு கணம் யோசித்தது. ஆக்டிவேட் ஆகிவிட்டது என்று ஒரு வரி. வலது மூலை சுத்தமாக இருந்தது.

இலக்கியா எழுந்து நின்று கையை நீட்டினாள். நான் குலுக்கினேன். தமயந்தி மாவுக் கையோடு வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். என் சட்டையிலெல்லாம் மாவு.

ஜூன் 13, வியாழன்

காலையில் அந்த நார்வே அம்மாவுக்குத் தமயந்தி திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. கூடவே, தன் தங்கை பிள்ளைகள் இருவரையும் வகுப்பில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று ஒரு கேள்வி.

பொரிச்ச புரோட்டா வாங்கிவந்தேன். காரணம் ஒன்றும் இல்லை. வழியில் கடை இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சிட ஆரம்பித்தது. இலக்கியா உள் அறையிலிருந்தே, “சித்தப்பா, அதை ஆஃப் பண்ணுங்க, காது வலிக்கி” என்றாள்.

ஆஃப் செய்தேன். தமயந்தி தோசைக் கரண்டியோடு ஹாலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் யுபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் தோசை கருகியது. கருகட்டும் என்று நின்றாள்.

கரண்ட் வந்த பிறகு இலக்கியா கணினியில் எனக்கென்று ஒரு தனிக் கணக்கு திறந்தாள். முகப்பில் இப்போது வரிசையாக நான்கு பெயர்கள். ஞானசேகர், தமயந்தி, இலக்கியா, சொரிமுத்து. கடவுச்சொல்லை நீங்களே வையுங்கள், எனக்குத் தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“பிறந்த நாள் வைக்கக் கூடாது” என்றாள் திரும்பாமலே.

“சரி.”

“எங்க பேரும் வைக்கக் கூடாது. வீட்டுல கூப்பிடுற பேரு எதையும் வைக்காதீங்க. எல்லாரும் முதல்ல அதைத்தான் போட்டுப் பாப்பாங்க.”

“சரிம்மா.”

காலையில் உள் அறையிலிருந்து வந்த அந்தச் சொல்லை நான் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். ஆங்கிலத்தில் அதில் இரண்டு இடத்தில் எழுத்து இரட்டையாக வருகிறது. தட்டி முடித்ததும் கட்டத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு வரி வந்தது. இது வலுவில்லாத சொல், வேறு வையுங்கள் என்று.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதையே வைத்துவிட்டேன்.